இரைச்சலில் கேட்கும் காது

என் மகள் பிறந்த சில மாதங்களில் எனக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. ஐம்பதுகளின் கடைசி அது. கல்யாணமாகிக் கப்பலில் வந்திறங்கி, சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மளிகைக்கடை மாடியில் ஓர் அறையில் குடியிருந்தோம். என் கணவருக்குத் தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. காலையில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். நான் வீட்டிலிருந்தபடியே அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன்.

காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் ஓர் இரைச்சல் வந்தது. தூரத்தில் எங்கோ தகரக் கூரைமேல் மழை பெய்வதுபோல இருக்கும். எழுந்து போய் ஜன்னலைத் திறப்பேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். குழாயைச் சரியாக மூடவில்லையோ என்று பின்கட்டுக்குப் போவேன். மண்ணெண்ணெய் அடுப்பு எரிகிறதோ என்று குனிந்து பார்ப்பேன். எல்லாம் அணைந்தே இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் அதே மழை. உட்கார்ந்த இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளேயே நடப்பேன்.

பிறகு, எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுவதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. என் கணவர் இயல்பிலேயே மெதுவாகப் பேசுகிறவர். அவர் சொல்வதில் பாதிதான் எனக்கு வந்து சேரும். மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். ஒருநாள் அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே என்னவோ சொன்னார். "ஆமாங்க, ரொம்ப நல்லாயிருக்கு," என்றேன். தனக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார் மனிதர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

தையல் மெஷின் ஓடும்போது மட்டும் எனக்கு ஒரு குறையும் தெரியாது. ரவிக்கை தைக்க வரும் பெண்கள் எதிரில் பாயில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். நான் மிதித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன், சிரிப்பேன். நூல் அறுந்து மெஷின் நின்றால் அவர்கள் வாய் மட்டும் அசையும். அவசர அவசரமாக நூலைக் கோத்து மறுபடி மிதிப்பேன். சில சமயம் ஊசிக்கு அடியில் துணியே இருக்காது, சும்மா மிதித்துக்கொண்டிருப்பேன். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை. அந்தப் பெண்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. "மெஷின் ஓடுறப்ப வாய் ஓயாம பேசுறா. நிறுத்திட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறா. திமிரு பிடிச்சவ லா."

இதை எனக்குச் சொன்னவர் கீழே குடியிருந்த மளிகைக்கடைக்காரரின் மனைவி. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவரை நான் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன்; அவர்கள் பக்கத்தில் அக்காவுக்கு அதுதான் பேச்சு. எனக்குக் காது கேட்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான்.

ஒரு மத்தியானம் கட்டிலில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று துணி வெட்டிக்கொண்டிருந்தேன். காலுக்கடியில் பலகைத் தரை அதிர்ந்தது. யாரோ ஓடி வருகிறார்கள் என்று திரும்பினேன். லாத்தா, முக்காடு நழுவி, மூச்சிரைக்க உள்ளே வந்து, நேரே கட்டிலுக்குப் போய்ச் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே கையை விட்டுக் குழந்தையை இழுத்து எடுத்தார். அது எப்போதோ உருண்டு விழுந்து இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகை எனக்கு எங்கோ அடுத்த தெருவில் அழுவதுபோல் கேட்டது.

"புள்ள தொண்டை கிழியக் கத்துது, கீழே கடை வரைக்கும் கேக்குது, நீ இங்க நின்னு துணி வெட்டிக்கிட்டிருக்கியே! காது என்ன செவிடா உனக்கு?"

கோபத்தில் கத்தித்தான் கேட்டார். அதனால் அது தெளிவாகவே கேட்டது. நான் குழந்தையை வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து லாத்தா சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். அவர் முகம் மாறியிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் நின்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார்.

"நெசமாவே கேக்கலையா புள்ள?" என்றார் என் முகத்தைப் பார்த்து.

நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அழுகை வந்தது.

அன்றைக்கே பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டார். இரண்டு நாள் தலையணையெல்லாம் பூண்டு வாசனை அடித்ததுதான் மிச்சம். பக்கத்து மருந்தகத்தில் காதழுக்கு அடைத்திருக்கும் என்று சொல்லிப் பெரிய பித்தளைப் பீச்சாங்குழலால் வெந்நீரைப் பீய்ச்சினார்கள். அழுக்கு ஒன்றும் வரவில்லை; எனக்குத் தலை கிறுகிறுத்து அங்கேயே வாந்தி வந்தது. சொட்டு மருந்து ஒன்று கொடுத்தார்கள். அதையும் விட்டுப் பார்த்தேன். இரைச்சல் நிற்கவில்லை.

என் கணவரிடம் லாத்தாதான் சொன்னார். கணவர் அடுத்த நாளிலிருந்து என்னிடம் உரக்கப் பேசிப் பார்த்தார். எங்கள் மாடியில் அறைக்கும் அறைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அவர் "சோறு போடு" என்று சத்தம் போட்டால் அடுத்த அறைக்காரர்கள் சிரிப்பார்கள். கூச்ச சுபாவம் உள்ள மனிதருக்கு எத்தனை நாள் முடியும்? மெல்ல மெல்லப் பேச்சையே விட்டுவிட்டார். தட்டைக் காட்டுவார், சட்டையைக் காட்டுவார், வாசலைக் காட்டுவார். நானும் தலையாட்டுவேன். அந்த மாதங்களில் என் வீடே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேக்கா மார்க்கெட்டுக்குப் போய், வாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் மீன்காரர்களுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருப்பேன். அங்கே நின்றால் மனசு கொஞ்சம் அடங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு பஸ்ஸில் போனோம். பழைய பஸ், இன்ஜின் போடும் சத்தத்தில் ஜன்னல் கட்டையெல்லாம் கடகடவென்று ஆடியது. கண்டக்டர் ஒவ்வொருவரிடமும் வந்து டிக்கெட்டில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். என் கணவர் ஜன்னலைப் பார்த்தபடி, தனக்குத் தானே சொல்வதுபோல், "டிக்கெட்டுக்குக் காது குத்துறான் பாரு," என்றார்.

நான் சிரித்துவிட்டேன்.

அவர் சட்டென்று திரும்பினார். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. ஏன், எங்கிட்ட சொல்லலையா?"

மறுபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, முன்போலவே, "நாளைக்குக் கப்பல் ரெண்டு வருது," என்றார்.

"வரட்டுமே," என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் இறுகிப்போயிற்று. "அப்ப வீட்டுல நடிக்கிறியா?" என்றார்.

கேட்கிறது, நிஜமாகவே கேட்கிறது; வீட்டில் கேட்கவில்லை, அதுவும் நிஜம். இதை யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. அவர் ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தார். நாலைந்து மாதமாகச் சேர்த்து வைத்த கோபம் எல்லாம் வெளியே வந்தது. அதற்குள் பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காப்பி வாங்க இறங்கினார். யாரோ ரேடியோவை மூடியதுபோல் என் கணவரின் குரல் அறுந்துபோயிற்று. உதடு மட்டும் அசைந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போயிடுச்சு. நீங்க பேசுறது போயிடுச்சுங்க," என்றேன்.

என் முகத்தில் அவர் என்ன பார்த்தாரோ, பேசுவதை நிறுத்திவிட்டார். டிரைவர் வந்து வண்டியைக் கிளப்பினார். பஸ் உறுமியதும், "இப்ப?" என்று கேட்டார். "இப்ப கேக்குது." அதற்குப் பிறகு அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. சொந்தக்காரர் வீட்டில் நாங்கள் அதிக நேரம் இருக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸுக்கு அவர்தான் அவசரப்பட்டார்.

அதிலிருந்து எங்களுக்குப் பேச வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும் என்றாகிவிட்டது. வேலை முடிந்து வந்ததும், "கிளம்பு," என்று கையைக் காட்டுவார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இன்ஜினுக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்காருவோம். விடுமுறை நாளில் பாசிர் ரிஸ் கடற்கரை வரைக்கும் போவோம். அப்போது அங்கே தென்னையும், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகளும்தான். ஜனங்கள் பாய் விரித்து மணலில் படுத்திருப்பார்கள். எங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அந்த அமைதியில் எனக்கு ஒன்றும் கேட்காது. அடுத்த பஸ் எப்போது வரும் என்று சாலையையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

கல்யாணமானதிலிருந்து சொல்லாத கதையெல்லாம் அவர் பஸ்ஸில்தான் சொன்னார். சின்ன வயதில் அப்பாவோடு கப்பலில் வந்தது, கிடங்கில் மூட்டை சரிந்து கூட வேலை செய்தவர் கால் ஒடிந்தது, துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வருமோ என்ற பயம். ஒருநாள் அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான், "உன்னையும் புள்ளையையும் ஊருக்கு அனுப்பிடலாமான்னு யோசிக்கிறேன்," என்றார்.

"எதுக்கு?"

"நீ தனியா இருக்கே. புள்ள மறுபடி விழுந்தா? அடுப்புல கையை வெச்சா? அங்க உங்க அம்மா இருக்காங்க, ஆள் இருக்கு."

"அங்க எனக்கு யாரு பேசுறதும் கேக்காது."

"இங்க மட்டும்?"

"இங்க நீங்க பேசுறது கேக்குதே. பஸ்ஸுல கேக்குதே," என்றேன்.

அவர் கப்பல் சீட்டு விசாரிப்பதற்கு முன்னால், துறைமுகத்து டாக்டரிடம் போய் என் காதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

காது டாக்டர் ஒரு சீனர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். ஒரு கோளாறும் தெரியவில்லை போலிருக்கிறது. பிறகு இரண்டு பல் உள்ள ஓர் இரும்புக் கவையை முழங்காலில் தட்டிக் காதுக்கு முன்னால் பிடித்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதன் அடிக்கட்டையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார். ரீங்காரம் மண்டைக்குள் பாய்ந்தது. நான் துள்ளிவிட்டேன். டாக்டர் புன்னகை செய்தார். பக்கத்தில் குனிந்து, மலாயில், "பாசார்ல நல்லா கேக்குமா? பஸ்ஸுல?" என்று கேட்டார்.

நான் அவரையே பார்த்தேன். யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டிருந்த விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்? என் கணவர் எனக்கு முன்னால் பதில் சொன்னார். "ஆமா டாக்டர், பஸ்ஸுல மட்டும்தான் கேக்கும்."

இந்த நோய்க்காரர்கள் பலர் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் டாக்டர். அவர் இங்கிலீஷில் விளக்கியதைக் கணவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். காதுச் சவ்வுக்கு உட்புறம் மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் கடைசி எலும்பு, உடம்பிலேயே சின்ன எலும்பு, அசைந்து கொடுத்தால்தான் சத்தம் உள்ளே போகும். எனக்கு அது இறுகிப்போய்விட்டது. குழந்தை பெற்ற பிறகு சிலருக்கு இப்படி முற்றும். இரைச்சலான இடத்தில் மற்றவர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்திப் பேசுவார்கள்; இரைச்சலோ எனக்கு முழுதாக வந்து சேராது; அதனால் பேச்சு மட்டும் கேட்கும்.

"பொய் சொல்லலை, பாத்தீங்களா?" என்றேன்.

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் அவர், உரக்க.

முதலில் காதுக்கருவி வைத்துப் பார்த்தார்கள். தீப்பெட்டியைவிடப் பெரிய ஒரு டப்பாவை ரவிக்கைக்குள் மாட்டி, காதுக்கு ஒயர் கொண்டுபோக வேண்டும். சேலை அதில் உரசினால் புயல் அடிக்கிற மாதிரி இருக்கும். மகள் அந்த ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆபரேஷன் ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்றார் டாக்டர். இறுகிய எலும்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெல்லிய கம்பி ஒன்றை வைப்பார்கள். பெரும்பாலும் நன்றாக வரும். சிலருக்கு இருப்பதும் போய்விடும். முதலில் ஒரு காதில் மட்டும்தான் செய்வோம் என்றார். என் கணவருக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனால் இந்த அரைகுறை நிலையில் என்னால் இன்னும் எத்தனை காலம் இருக்க முடியும்? "வெச்சுடுங்க," என்றேன்.

முறை வருவதற்கு நெடுநாள் காத்திருந்தோம். அறுபதுகள் பாதி வந்துவிட்டன. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் காது கேட்காது என்று அவளுக்குத் தெரியும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இரண்டு கையாலும் என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுவாள்.

ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கிடையாது. காதைச் சுற்றி ஊசி போட்டு மரக்கவைத்தார்கள். முகத்தின்மேல் பச்சைத் துணி. தமிழ் பேசும் நர்ஸ் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அசையாதீங்கக்கா, இருமாதீங்கக்கா," என்று துணிக்குள் குனிந்து குனிந்து சொன்னாள். உள்ளே சுரண்டுவது தெரிந்தது, வலி இல்லை. ஒரு கட்டத்தில் அறை முழுக்கச் சுழன்றது. மேஜையிலிருந்து விழுந்துவிடுவேன் என்று அவள் கையை நெரித்தேன். அப்போது டாணென்று ஒரு சத்தம். யாரோ தட்டில் கத்தரியை வைத்திருக்கிறார்கள். அப்புறம் எங்கோ குழாயில் தண்ணீர். அப்புறம் நர்ஸ் மூச்சுவிடுவது. டாக்டர் ரகசியம்போல, "டெங்கார்?" என்றார். கேட்கிறதா என்று.

தலையாட்டப் போனேன். "ஆட்டாதீங்க!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அது எனக்கு இடிபோல் கேட்டது. "கேக்குது, கேக்குது," என்று முனகினேன்.

ஆனால் காதுக்குள் துணிப்பட்டையைத் திணித்துக் கட்டியதும் எல்லாம் மறைந்துவிட்டது. வார்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கூரை சுழல்வதைப் பார்த்தபடி, நாக்கில் ஒருபக்கம் இரும்பு ருசியோடு கிடந்தேன். மூக்குச் சிந்தக்கூடாது, குனியக்கூடாது. நோயாளிகளைப் பார்க்க விடும் நேரத்தில் கணவர் வந்து, கட்டுப் போட்ட இடது காதுப் பக்கம் நின்று ஏதோ சொன்னார். கேட்கவில்லை. கட்டு எடுக்கிறவரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் எத்தனை தடவை சொல்லியும் நான் நம்பவில்லை. மேஜையில் கேட்டதுதான் கடைசி, இருந்ததும் போய்விட்டது என்று எனக்குள் தீர்மானமே செய்துவிட்டேன். திரும்பிப் படுக்கவும் முடியாமல், எழுந்து நடக்கவும் முடியாமல், போர்வையை விரலால் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டை எடுத்த அன்றைக்கு, பட்டை சரசரவென்று வெளியே வரும் சத்தமே முதலில் கேட்டது. வராந்தாவில் ஒரு செருப்பு என் கூடவே வந்தது. நின்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் செருப்புதான்.

வீட்டுக்கு பஸ்ஸில் போனோம். ஏறி உட்கார்ந்த உடனே நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! ஜன்னல் கட்டை, மணி, இன்ஜின், சில்லறை எல்லாம் சேர்ந்து மண்டையைப் பிளந்தன. அவர் ஏதோ சொன்னார். அந்த இரைச்சலில் எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. "இறங்கிடலாம்," என்றேன். பாதி வழியில் இறங்கி, மெதுவாக அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கடுகு வெடித்தால் பட்டாசு மாதிரி இருந்தது. அவர் பேப்பரைத் திருப்பினால் எழுந்து போய்விடுவேன். மெஷினை மிதிக்கவே பயமாக இருந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தைத்தேன். சில வாரங்களில் இதெல்லாம் அடங்கியது. ஆனால் என் கணவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பலகைச் சுவருக்குள் உட்கார்ந்து மெதுவாகப் பேசலாம் இப்போது. அவருக்கோ என்ன பேசுவதென்று தெரியவில்லை. சாயங்காலமானால் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்ப்பார். "ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்பார். பஞ்சை வைத்துக்கொண்டு நானும் போவேன்.

அடுத்த வருடம் காட்டப் போனபோது, இடது காது நன்றாக ஆறியிருக்கிறது, விருப்பப்பட்டால் வலது காதுக்கும் செய்யலாம் என்றார் டாக்டர். என் கணவர் அங்கேயே சரி என்று தலையாட்டிவிட்டார்.

"நான் செஞ்சுக்க மாட்டேன்," என்றேன், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும்.

"ஏன்? ஒண்ணு நல்லா வந்துச்சுல்ல?"

"நல்லா வந்துச்சு. அது போதும். இன்னொண்ணு நல்லா வரும்னு யாரு கண்டா?"

"டாக்டர் சொல்றாரு!"

"சிலருக்குப் போயிடும்னும் அவர்தான் சொன்னாரு. அந்தக் கட்டில்ல கிடந்தது நான், நீங்க இல்ல."

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்!"

"எதுக்குக் கத்துறீங்க? எனக்கு நல்லா கேக்குது!"

அவர் கத்தினார், நான் கத்தினேன். மகள் கட்டிலில் ஏறி நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த அறைக்காரர்களைப் பற்றி இரண்டு பேருக்கும் ஞாபகமே இல்லை. கடைசியில் மாடிப்படி தடதடத்தது. லாத்தா கையில் முறத்தோடு வந்து நின்றார்.

"என்ன சத்தம் இது? இத்தனை வருஷமா இந்த மாடில ஒரு பேச்சுக் கேக்கலை. இன்னிக்கு என்ன, குத்து வெட்டா?"

என் கணவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. லாத்தாவைத் தாண்டிக் கீழே இறங்கினார். லாத்தா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அவர் பின்னாலேயே போனார். பாதிப் படியில் நின்று, என் கணவர் தன் வழக்கமான மெல்லிய குரலில் அவரிடம் சொன்னது எனக்கு அறைக்குள் இருந்தபடியே கேட்டது.

"நல்லா சண்டை போடுறா லாத்தா. ஒவ்வொரு வார்த்தைக்கும் பதில் சொல்றா."

வலது காதுக்கு நான் ஆபரேஷன் செய்துகொள்ளவே இல்லை. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அது இன்னும் மந்தமாகிவிட்டது. இடது காது இன்றுவரை கேட்கிறது.